வற்றும் கண்மாய்க்கு வற்றாத ஏரியின் சட்டம் எதற்கு?
மீன்பாசி ஏலம் விடுவோருக்கு ஒரு திறந்த மடல்

கண்மாய்களில் மீன்பாசி ஏலம், அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமைக்கான ஏலம் விடும் அதிகாரிகளுக்கும், அந்த ஏலத்துக்கு நிபந்தனைத் தாள் எழுதும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

சிவகங்கைச் சீமையில் ஒரு கண்மாயின் ஆயக்கட்டுக்காரன், அதாவது அதன் பாசனத்தில் பயிர் செய்கிறவன் நான். கரைக்குக் கீழே ஒன்றே கால் ஏக்கர் நஞ்சை. என் அப்பா அதே கண்மாயை இரண்டு தடவை மீன்பாசிக்கு எடுத்தவர். ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டார், இன்னொரு தடவை என் தங்கை கல்யாணத்தை முடித்தார். வயலுக்குத் தண்ணீர் கேட்கிறவன் பேச்சும் மீனுக்குத் தண்ணீர் கேட்கிறவன் பேச்சும் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் மோதிக்கொள்ளும். இரண்டையும் கேட்டு வளர்ந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

ஊர் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. பெயர் சொன்னால் அந்த ஒரு ஊர்ப் பிரச்சினை என்று கோப்பை மூடிவிடுவீர்கள். நான் பார்த்த நிபந்தனைத் தாள்கள் எல்லாமே ஒரே தாளின் ஜெராக்ஸ் போலத்தான் இருந்தன.

அந்தத் தாளில் முதல் வரியே கண்மாயின் பரப்பு. இத்தனை ஹெக்டேர், ஹெக்டேருக்கு இத்தனை மீன் குஞ்சு, ஆகவே மொத்தம் இத்தனை குஞ்சு விட வேண்டும், ஆகவே குறைந்தபட்ச ஏலத் தொகை இவ்வளவு. கணக்கு சுத்தமாக இருக்கிறது. கண்மாய்தான் அந்தக் கணக்கில் இல்லை. எங்கள் கண்மாய், மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழிய நிற்கும்போது அறுபது ஹெக்டேருக்கு மேல் விரியும். மாசியில் பாதியாகும். பங்குனிக் கடைசியில் மடைக்குழியையும் அதைச் சுற்றி ஏழெட்டு ஹெக்டேர் கலங்கலையும் தவிர மீதியெல்லாம் வெடிப்பு விட்ட களிமண். அறுபதுக்கு விட்ட குஞ்சு எட்டில் எப்படி நிற்கும்? சித்திரை விடியற்காலையில் கரைமேல் வந்து நின்று பாருங்கள். மூச்சுக் காற்றுக்கு வழியில்லாமல் வாய் பிளந்து மேலே வந்து கிடக்கும் கட்லாக்களைப் பார்ப்பீர்கள். அவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

சிக்கலின் வேர் சொல்லிலேயே இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நாம் ஏரி, குளம், கண்மாய், ஏந்தல், தாங்கல் என்று எத்தனை பெயர் வைத்தாலும் அவை எல்லாமே யாரோ மண் சுமந்து கரை கட்டித் தேக்கியவை. வீராணம் சோழன் வெட்டியது. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று சொல்லும் இராசசிங்கமங்கலத்துக் கண்மாயும் கட்டியதே. சுற்றுலாப் பயணிகள் இயற்கையின் கொடை என்று படம் எடுக்கிற ஊட்டி ஏரியும் கொடைக்கானல் ஏரியும் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகள் ஓடையை மறித்து உண்டாக்கியவை. பழவேற்காட்டை ஏரி என்கிறோம், அது கடலோடு வாய் வைத்த உப்பங்கழி. நன்னீரில் சொல்லிக்கொள்ளும்படியான இயற்கை ஏரி என்று தமிழ்நாட்டில் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் திண்டாடிப்போவேன். தமிழ்நாட்டில் பாசன ஏரிகளும் குளங்களும் ஏறத்தாழ 39,000 என்று அரசுக் கணக்கே சொல்கிறது. அத்தனையும் சின்னச் சின்ன அணைகள்.

இயற்கை ஏரிக்குக் கரை கிடையாது, விளிம்புதான் உண்டு. ஆழம் பெரும்பாலும் நடுவில் கிடக்கும். மிஞ்சின தண்ணீர் மேலாக வழிந்து போகும். விளிம்போரத்து ஆழமில்லாத பகுதியில் கோரையும் அல்லியும் ஆண்டாண்டாக வேர் பிடித்து நிற்கும், அங்கேதான் மீன் முட்டையிடும், குஞ்சு ஒளியும். நீர்மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் மெதுவாக. கண்மாயில் எல்லாம் தலைகீழ். ஆழம் நடுவில் இல்லை, கரையை ஒட்டி மடை இருக்கும் இடத்தில். தண்ணீர் மேலே வழிந்து போவது சில நாள்தான், மற்ற நாளெல்லாம் அடிமடை வழியாக உருவப்படுகிறது. கரைக்கு எதிர்ப்புறம் தண்ணீர் பரவி நிற்கும் உள்வாய் தாம்பாளம் மாதிரி சரிந்து போகும். மட்டம் ஒரு சாண் இறங்கினால் அங்கே நூறு அடிக்குத் தரை தெரியும். நேற்று முட்டையிட்ட இடத்தில் இன்று ஆடு மேயும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் இயற்கை ஏரியிலேயே கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மணிப்பூரின் லோக்டாக் சாட்சி. அந்த ஏரி மழைக்காலத்தில் பெருகி, பனிக்காலத்தில் வடிந்து, மறுபடி பெருகும். பும்டி என்று அவர்கள் சொல்லும் மிதக்கும் புல்மேடுகள் தண்ணீர் குறையும்போது அடித்தரையில் உட்கார்ந்து சத்தை இழுத்துக்கொள்ளும். பர்மாவின் சிந்த்வின் ஆற்றிலிருந்து மணிப்பூர் ஆற்றின் வழியாக மீன் ஏறி வரும். 1983இல் இத்தாய் தடுப்பணை வந்தது. மின்சாரத்துக்காக நீர்மட்டத்தை வருடம் முழுக்க உயர்த்திப் பிடித்தார்கள். ஏறி வந்த மீனுக்கு வழி அடைபட்டது. மணிப்பூர் மாநில மீனான பெங்பா அந்த நீரிலிருந்தே ஏறக்குறைய மறைந்துபோனது. தரை தொடாத புல்மேடுகள் ஆண்டுக்கு ஆண்டு மெலிந்தன. அங்கே ஏரியை அணைக்கட்டாக நினைத்தார்கள். இங்கே நீங்கள் அணைக்கட்டை ஏரியாக நினைக்கிறீர்கள்.

இதைப் படித்ததும் கண்மாய் வற்றாமல் இருக்க வழி கேட்கிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்ல வந்தது நேர் எதிர். கண்மாய் வற்றுவது குறை இல்லை. மீன் கண்ணோடு பார்த்தால் அதுதான் கண்மாயின் சொத்தே.

கோடையில் உள்வாய் முழுக்க வெயிலில் வெடிக்கிறது. கீதாரிகள் ஆட்டுக் கிடையோடு வந்து மாதக்கணக்கில் மேய்க்கிறார்கள். புழுக்கையும் சாணமும் காய்ந்த சருகும் தரையில் சேர்கின்றன. அழுகிக் கிடந்த சேறு காற்றுப் பட்டுப் புதுசாகிறது. ஐப்பசியில் புதுத்தண்ணீர் அதன்மேல் ஏறும்போது அத்தனை உரமும் ஒரே வாரத்தில் கரைகிறது. பத்து நாளில் தண்ணீர் பச்சை பூசுகிறது. அந்தப் பச்சைதான் மீனின் சோறு. ஆழம் குறைவு என்பதால் வெயில் கிட்டத்தட்ட அடி வரை போகிறது. பெரிய அணையில் வெளிச்சம் எட்டாத ஆழத்தில் எவ்வளவோ தண்ணீர் சும்மா கிடக்கும். கண்மாயில் சும்மா கிடக்கும் தண்ணீர் மிகக் குறைவு.

1990களில் நாடு முழுக்க எடுத்த ஒரு கணக்கு இதைத்தான் சொல்கிறது. ஆயிரம் ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு நீர்த்தேக்கங்களில் ஹெக்டேருக்குச் சராசரியாக 50 கிலோ மீன், ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பெரிய அணைகளில் 11 கிலோ சுமார். நாலரை மடங்கு. சிறு நீர்த்தேக்கம் அதிகமாக இருக்கும் மாநிலமும் தமிழ்நாடுதான். பெரிய பாசன ஏரிகளையும் சேர்த்து எட்டாயிரத்துக்கு மேல், மூன்று லட்சம் ஹெக்டேர் பரப்பு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்களே, அது இதுதான்.

இதற்கு வெளிநாட்டு உதாரணமும் வேண்டாம். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஆழியாறு அணை இருக்கிறது, ஏறத்தாழ 650 ஹெக்டேர். மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே செய்தது ரொம்ப எளிமையான வேலை. தாறுமாறாக அள்ளிக் கொட்டிய குஞ்சு எண்ணிக்கையை ஹெக்டேருக்கு 235 முதல் 300 வரை என்று குறைத்தார்கள். பொடிக் குஞ்சு வேண்டாம், 10 சென்டிமீட்டருக்குக் குறையாத விரலிகளை, அதாவது விரல் நீளம் வளர்ந்த குஞ்சுகளை மட்டும் விடுவது என்று வைத்தார்கள். ஒரே நாளில் கொட்டிக் கணக்கு முடிக்காமல் தவணை தவணையாக விட்டார்கள். ஒரு கிலோ ஆகாத கெண்டையைப் பிடிக்கக் கூடாது என்றார்கள். 1990இல் ஹெக்டேருக்கு 194 கிலோ கிடைத்தது. எண்ணிக்கையைக் குறைத்து எடையைக் கூட்டிய கதை இது. ஆழியாறு வற்றாத அணை, அதன் எண்களை அப்படியே கண்மாய்க்குப் போடச் சொல்லவில்லை. தவணையும் ஒரு கிலோ விதியும் ஆறு மாதத் தண்ணீருக்குப் பொருந்தாது. ஆனால் பெரிய குஞ்சு, குறைந்த எண்ணிக்கை என்ற இரண்டும் கண்மாய்க்கு ஆழியாற்றைவிட அதிகமாகத் தேவை. பொடிக் குஞ்சு வளர நாள் வேண்டும். கண்மாயில் இல்லாத ஒரே பொருள் நாள்தான்.

அப்பா கையைச் சுட்டுக்கொண்ட கதைக்கு வருகிறேன். அந்த ஆண்டு ஐப்பசி அடைமழையிலேயே கண்மாய் நிறைந்துவிட்டது. ஏலம் வரவில்லை. கார்த்திகையில் ஒரு தடவை அறிவித்துத் தள்ளிவைத்தார்கள். மார்கழியில் இன்னொரு தடவை. கடைசியில் பொங்கல் கழிந்து பத்தாம் நாள் ஏலம். பணம் கட்டி, உத்தரவு வாங்கி, குஞ்சு வாங்கி வந்து விட்டபோது தை முடிந்திருந்தது. புதுத்தண்ணீரின் பச்சையும் அதற்குள் பாதி அடங்கிவிட்டது. நிபந்தனைப்படி எண்ணிக்கை காட்ட வேண்டும் என்பதால் விலை குறைந்த பொடிக் குஞ்சாகவே வாங்கினார், அதில் பாதிக்கு மேல் முதல் வாரத்திலேயே கொக்குக்கும் விராலுக்கும் தீனி. சித்திரையில் வலை போட்டபோது ஒரு கட்லாகூடக் கால் கிலோவைத் தாண்டவில்லை. மதுரையிலிருந்து வந்த வியாபாரி தூக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இது கட்லா இல்ல, கட்லாவோட பேரன்” என்றார். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, அடகுக்குப் போனது அவர் வளையல்.

கல்யாணம் நடந்த ஆண்டில் என்ன வேறுபாடு? மழை அதிகமில்லை. ஏலம் மட்டும் ஆடியில் முடிந்திருந்தது. அப்பா முன்கூட்டியே வீட்டுக் கிணற்றடியில் ஒரு சின்னத் தொட்டிக்குளம் வெட்டி, பொடிக் குஞ்சை அதில் போட்டுத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் வைத்து இரண்டு மாதம் வளர்த்தார். கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறிய மறுநாள் விரல் நீளக் குஞ்சாக எண்ணிக் கொண்டுபோய் விட்டார். தாளில் கேட்ட எண்ணிக்கையில் பாதிகூட இல்லை. நல்லவேளை, யாரும் எண்ணவில்லை. (இதை இப்போது எழுதுவதால் அபராதம் போட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அப்பா காலமாகி வெகுநாள் ஆகிறது.)

குத்தகை ஆண்டு, அரசு வருவாய்க் கணக்கின் பசலி ஆண்டுதானே? பசலி ஜூலை 1 அன்று பிறந்து ஜூன் 30 அன்று முடிகிறது. வடகிழக்குப் பருவமழைக் கண்மாய்க்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு கிடையாது. நாட்காட்டி கையில் சரியாகவே இருக்கிறது, ஏலம்தான் அதை மதிப்பதில்லை. தண்ணீர் வருகிறதா பார்த்துவிட்டு ஏலம் விடலாம், அப்போதுதான் கேட்பார்கள் என்பது உங்கள் பக்க நியாயம். புரிகிறது, காய்ந்த தரையை யார் பணம் கொடுத்து எடுப்பார்? அதற்குத்தான் தொகையை இரண்டாகப் பிரியுங்கள் என்கிறேன். ஆடிக்குள் ஏலம், அப்போது ஒரு சிறு முன்தொகை. மார்கழி முதல் தேதியில் மடையில் உள்ள அளவுகல் என்ன காட்டுகிறதோ அதைப் பொறுத்து மீதித் தொகை. தண்ணீர் பாதி என்றால் தொகையும் பாதி. நெல்லுக்கு வறட்சி நிவாரணம் உண்டு, மீனுக்கு மட்டும் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஒரே குத்தகை என்பது எந்த ஊர் தர்மம்?

முழுத் தொகையை வாங்கிக்கொண்டு காய்ந்த கண்மாயைக் கொடுத்தால் குத்தகைதாரர் என்ன செய்வார் என்பதும் எங்களுக்குத் தெரியும். ராத்திரியில் மடையைத் தூக்கித் தண்ணீரை வடித்து மீனை அள்ளுவார். கோழிக் கழிவைக் கொட்டி வளர்ப்பார். தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு விடுவார். விவசாயி ஒரு பக்கம் கம்பெடுப்பான், குத்தகைதாரர் மறுபக்கம். நீங்கள் அமைதிப் பேச்சுவார்த்தை நடத்துவீர்கள், டீயும் வடையும் வரும். எனக்கு அந்தக் குத்தகைதாரர்மீது முழுக் கோபம் வருவதில்லை. நிபந்தனைத் தாளே அவரை அந்த இடத்துக்குத் தள்ளுகிறது.

அடுத்தது கலுங்கு. இயற்கை ஏரியில் மீன் வெளியே போகும், போன வழியே திரும்பியும் வரும். கலுங்கில் விழுந்த மீன் திரும்பி ஏறாது. எங்கள் பக்கம் கண்மாய்கள் சங்கிலி மாதிரி ஒன்றிலிருந்து வழிந்தோடும் மறுகால் இன்னொன்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால். சித்தப்பா எடுத்த ஆண்டு கலுங்கு மூன்று நாள் பாய்ந்தது. அவர் விட்ட ரோகு அத்தனையும் கீழ்க் கண்மாய்க்காரர் வலையில் ஏறியது. அந்த மனிதர் ஒரு குஞ்சுகூட விடவில்லை. அடுத்த ஆண்டு இரண்டு பேரும் விடவில்லை! சித்தப்பா கலுங்கில் கொசுவலையைக் கட்டப் பார்த்தார், குப்பை அடைத்துக் கரை உடையும் என்று நாங்களே போய் அறுத்துவிட்டோம், நானும் அதில் ஒருவன். சட்டகம் போட்ட கம்பி வலை, குப்பையை வாரிவிட ஒரு ஆள், வெள்ளம் ஏறினால் தூக்கிவிடும் கீல் என்று ஒரு முறையான அமைப்பு இருந்தால் சண்டையே இல்லை. அது குத்தகைதாரர் கட்ட வேண்டிய செலவு இல்லை, கண்மாய்ப் பராமரிப்பில் சேர வேண்டியது. ஒரே சங்கிலியில் உள்ள கண்மாய்களை ஒரே நாளில், ஒரே நிபந்தனையில் ஏலம் விட்டால் கீழ்க் கண்மாய்க்காரரும் குஞ்சு விட்டே ஆக வேண்டியிருக்கும்.

ஜிலேபி மீன் (திலேப்பியா) பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கைக்கும் நமக்கும் இதில் ஒரே கதை. அங்கேயும் இயற்கை ஏரி கிடையாது, மன்னர்கள் கட்டிய குளங்கள்தான். நன்னீர் உயிரியல் அறிஞர் சி. எச். பெர்னாண்டோ எழுதியதில் ஒரு கருத்து என் மனசில் நின்றுவிட்டது. இயற்கை ஏரியே இல்லாத நாட்டில் ஏரி வாழ்க்கைக்குப் பழகிய மீனும் இருக்காது. நம் கெண்டையும் கெளுத்தியும் ஆற்று மீன்கள், தேங்கிய நீரின் நடுப்பரப்பை அவை முழுதாகப் பயன்படுத்துவதில்லை. அந்தக் காலி இடத்தில்தான் ஆப்பிரிக்க மீனான ஜிலேபி உட்கார்ந்துகொண்டது. 1952இல் இலங்கைக்கு வந்தது, அதே ஆண்டில் இந்தியாவுக்கும் வந்தது. அங்கே குளத்து மீன்பிடிப்பு அதை நம்பித்தான் எழுந்தது. வற்றாத பெரிய குளத்தில் அது சரி. ஆறு மாதக் கண்மாயில் அது உள்ளங்கை அளவு வளர்வதற்குள் நாலு தடவை குஞ்சு போட்டு, விட்ட கட்லாவின் தீனியையும் சேர்த்துத் தின்றுவிடும். அதை ஒழிக்க மருந்து தேவையில்லை. கண்மாய் கடைசிச் சொட்டு வரை வற்றினால் ஜிலேபி செத்துப்போகும், சேற்றுக்குள் மூச்சுவிடத் தெரிந்த விராலும் குரவையும் தேளியும் பிழைத்துக்கொள்ளும். வற்றுவது சொத்து என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால்தான் சமீப காலத் தூர்வாரலைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. பொக்லைனை இறக்கி மனம்போன இடத்தில் பத்தடி, பதினைந்தடிப் பள்ளம். மண் லாரியில் போகிறது, சரி, எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. அந்தப் பள்ளங்களில் வலை இழுக்க முடியாது. கண்மாய் வற்றினாலும் அவை வற்றாது, ஜிலேபிக்கு அரண்மனை. பிள்ளைகள் விழுந்து சாவதும் அங்கேதான். ஆழம் வேண்டுமென்றால் மடைக்குழியை ஒட்டி ஒரே சீரான சரிவில் எடுங்கள். வலை இழுக்கும் தடத்தில் நிற்கும் கருவேல வேர்க்கட்டைகளையும் அதே பொக்லைனில் பிடுங்கிவிடலாம். பறவை கூடுகட்டும் மரங்களை மட்டும் விட்டுவிடுங்கள். வேட்டங்குடிப் பக்கத்து ஊர்களில் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறவர்கள் எங்கள் மாவட்டத்துக்காரர்கள்தான்.

கடைசியாக ஊர்ப் பங்கு. தாளில் இல்லாத ஒரு வழக்கம் எங்கள் ஊரில் உண்டு. குத்தகைதாரர் பெருவலை இழுத்து முடித்த பிறகு, முட்டளவுச் சேற்றுத் தண்ணீர் மிஞ்சும்போது, ஊர்ப் பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். சுற்றுப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் கூடையான ஊத்தாவும் கச்சாவும் அரிவலையும் பழைய சேலையுமாக இறங்கும். விரால், கெளுத்தி, ஆரால், அயிரை, அகப்பட்டது அவரவருக்கு, காசு கிடையாது. அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் மீன் குழம்பு கொதிக்கும், விற்பது ஊருக்கு அவமானம். விட்ட மீன் குத்தகைதாரருக்கு, வந்த மீன் ஊருக்கு என்பது எழுதாத ஒப்பந்தம். இப்போது சில ஏலங்களில் கண்மாயில் உள்ள ‘அனைத்து வகை மீன்களும்’ குத்தகைதாரருக்கே என்று ஒரு சொல் சேர்ந்திருக்கிறது. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு, மீன்பிடிப்பின் கடைசிப் பதினைந்து நாள் ஊருக்கு என்று எழுதுங்கள். ஆயக்கட்டு விவசாயி தன் பிள்ளைக்கு அயிரை கிடைக்கும் என்றால் மடையை ராத்திரிக்கு அவனே காவல் காப்பான்.

இந்தச் சித்திரையில் எங்கள் கண்மாயில் துண்டு வீசும் நாள் குறித்ததும் தகவல் அனுப்புகிறேன். நிபந்தனைத் தாள் எழுதுகிறவர் யாரோ அவரையும் ஜீப்பில் கூட்டி வாருங்கள். விடிவதற்கு முன்பே வந்துவிட வேண்டும், எட்டு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிடும். பழைய வேட்டி ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள், இந்தச் சேறு துவைத்தால் போகாது. ஊத்தா என்னிடம் இரண்டு இருக்கிறது.

இப்படிக்கு,
கரைக்குக் கீழே ஒன்றே கால் ஏக்கர் வைத்திருக்கும்
ஒரு ஆயக்கட்டுக்காரன்